ஓநாய்க் கலப்பு நாய் வளர்க்கலாமா? அமெரிக்கச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு

ஓநாயும் நாயும் கலந்து பிறந்த ஒரு பிராணியை ஒருவர் 50 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக 2025-இல் ஒரு செய்தி சுற்றியது நினைவிருக்கலாம். அந்த வாரமே என்னிடம் இரண்டு பேர், "அமெரிக்காவில் இதெல்லாம் சல்லிசாகக் கிடைக்குமாமே, வீட்டில் வளர்க்க விடுவார்களா?" என்று கேட்டார்கள். கிடைக்கும் என்பது உண்மை. விடுவார்களா என்பது நீங்கள் எந்த மாநிலத்தில், எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைவிட முக்கியமாக, அந்தக் குட்டியின் அப்பன், பாட்டன் யார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் அதை எவ்வளவு அருமையாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. வளர்ப்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஓநாய் வம்சம் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதை வளர்ப்பவர்கள் 'ஹை கன்டென்ட்' என்பார்கள். சட்டங்களில் பெரும்பாலும் இந்தச் சொல் வராது. அங்கே தலைமுறைக் கணக்குதான் அதிகம். சுத்த ஓநாய் ஒரு பக்கப் பெற்றோராக இருந்தால் முதல் தலைமுறை, அதன் குட்டி இரண்டாம் தலைமுறை, இப்படிப் போகும். விற்பவர் சொல்லும் "92 சதவீதம்" போன்ற எண்களைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளே ஓநாய் மரபணுவை ஒரே அளவில் வாங்கியிருக்காது. மரபணுச் சோதனை வசதி இருக்கிறது. ஆனால் ஓநாய் மூதாதை சில தலைமுறைகள் பின்னே போய்விட்டால் அதுவும் தடுமாறும்.

சரி, அமெரிக்க ஒன்றிய அரசு என்ன சொல்கிறது? விலங்கு நலச் சட்டத்தின் விதிகளில், நாயும் ஓநாயும் கலந்து பிறந்தது வீட்டு விலங்கு என்றே எழுதியிருக்கிறது. 'நாய்' என்பதன் வரையறைக்குள்ளேயே கலப்பும் அடங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு "அப்போ நாய்தானே!" என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. அந்த விதிகள் விலங்குகளை விற்பவர், காட்சிக்கு வைப்பவர், ஆய்வுக்கூடம் நடத்துபவர் போன்றோருக்கானவை. உங்கள் வீட்டுக் கொல்லையில் எதை வைத்திருக்கலாம் என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

மாநிலங்களோ ஆளுக்கொரு வழி. ஹவாயில் கொண்டுபோய் இறக்கவே முடியாது. மாசசூசெட்ஸும் காட்டு நாயினக் கலப்புகளுக்குத் தடை போட்டிருக்கிறது. மிச்சிகனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக யாரும் வாங்கக் கூடாது என்றது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு, அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் எனப் பல நிபந்தனைகளோடு விட்டுக்கொடுத்தது. கலிபோர்னியாவில் முதல் தலைமுறைக்குத்தான் மாநில அனுமதி வேண்டும், இரண்டாம் தலைமுறையிலிருந்து வேண்டாம். ஆனால் உங்கள் கவுண்டியோ நகரமோ அதையும் தடுத்திருக்கலாம். மாநில விதியை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அலாஸ்காவின் விதி எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படும். 2002 ஜனவரிக்கு முன்பே வைத்திருந்து, பதிவும் மைக்ரோசிப்பும் கருத்தடையும் முடித்தவர்களுக்குத்தான் அங்கே விலக்கு கிடைத்தது. வேடிக்கை அதில் இல்லை. உரிமையாளரே "இது ஓநாய்க் கலப்பு" என்று சொல்லிக்கொள்ளும் பிராணியையும் விதி ஓநாய்க் கலப்பாகவே எடுத்துக்கொள்கிறது. உள்ளபடி அது ஹஸ்கி இன நாயாக இருந்தாலும், ஜம்பத்துக்கு ஓநாய் என்று சொல்லி வைத்தால் வம்பு உங்கள் வீடு தேடி வரும்.

ரேபிஸ் தடுப்பூசி: எல்லோரும் தவறவிடும் விதி

மேலே சொன்னதெல்லாம் வாங்கும்போது வருகிற தலைவலி. வாங்கிய பிறகு வருவது இன்னும் பெரிது.

அமெரிக்காவில் ரேபிஸ் தடுப்பூசி நாய்க்கும் பூனைக்கும் ஃபெரெட் என்னும் கீரி போன்ற வளர்ப்புப் பிராணிக்கும் உரிமம் பெற்றிருக்கிறது. குதிரை, மாடு, செம்மறியாடு ஆகியவற்றுக்கும் உண்டு. ஓநாய்க்கோ ஓநாய்க் கலப்புக்கோ உரிமம் பெற்ற தடுப்பூசி ஒன்றுகூட இல்லை. நாய்க்குப் போடுவதையே கால்நடை மருத்துவர் இதற்கும் தம் பொறுப்பில் போடலாம், பலர் போடவும் செய்கிறார்கள். உடம்புக்கு அது பாதுகாப்புத் தரக்கூடும். ஆனால் பல இடங்களில் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிராணி தடுப்பூசி போடாத பிராணிதான்.

இதனால் என்ன ஆகும் என்பது கடிக்கும் நாளில் தெரியும். நல்ல ஆரோக்கியமான நாய் ஒருவரைக் கடித்தால் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிப்பார்கள். நாயின் எச்சிலில் வைரஸ் வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். ஆகவே பத்து நாள் தாண்டியும் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஓநாய்க் கலப்பில் வைரஸ் எத்தனை நாள் முன்பே எச்சிலில் வரும் என்று வரையறுத்துச் சொல்லும் ஆய்வு இல்லை. அதனால் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர்களின் வழிகாட்டுதல் பத்து நாள் சலுகையை அதற்குத் தரவில்லை. அதிகாரிகள் ஒவ்வொரு சம்பவமாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். அந்த முடிவு, பிராணியைக் கொன்று மூளைத் திசுவைச் சோதிப்பதாகவும் இருக்கலாம். உயிரோடு வைத்துச் செய்கிற நம்பகமான ரேபிஸ் சோதனை கிடையாது.

விளையாட்டாகப் பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் அது கடிதான். பக்கத்து வீட்டுக் குழந்தை வேலிக்குள் கையை நீட்டியதுதான் காரணம் என்றாலும் அப்படித்தான்.

இதற்குப் பயந்து பலர் மருத்துவமனைச் சீட்டில் 'மலமூட் (ஓநாய்ச் சாயல் கொண்ட நாயினம்) கலப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வது, புரிகிறது. ஆனால் விற்பனை விளம்பரம், சமூக வலைப்படம், மரபணுச் சோதனைச் சான்று இவற்றில் ஒன்று வெளியே வந்தாலும் அந்தச் சீட்டு உங்களுக்கே எதிரான சாட்சியாகிவிடும். காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பழக்கிவிட்டால் போதாதா?

ஆகவேதான் பழக்குவது பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சட்டம் அதற்கு மதிப்பெண் தராது, ஆனால் அந்தக் கடி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேறு வழி இல்லை.

நாய்க்குட்டி சுமார் நான்கு வார வயதில் சுற்றிலும் துழாவத் தொடங்கும். ஓநாய்க்குட்டி இரண்டாவது வாரத்திலேயே தொடங்கிவிடும். அப்போது அதற்குக் காது கேட்காது, கண்ணும் சரியாகத் தெரியாது, மூக்கு ஒன்றுதான் துணை. பின்னால் திடீரென்று சத்தமும் உருவமும் வரும்போது அவை அதற்குப் புதுப் பயங்கள். மனிதரோடு ஒட்டுவதற்கான காலமும் நாயைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். இந்தியானா மாநிலத்தின் வுல்ஃப் பார்க்கில் ஓநாய்க்குட்டிகளை இரண்டு வாரம் ஆவதற்குள் தாயிடமிருந்து பிரித்து, ஆட்கள் இரவும் பகலும் கூடவே இருந்து வளர்ப்பது இதற்காகத்தான். ஹை கன்டென்ட் குட்டியும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். எட்டாவது வாரத்தில் வாங்கிக் கொண்டுவந்து "இனிமேல் பழக்கிக்கொள்ளலாம்" என்றால், பாதி ரயில் போய்விட்டது.

அப்படி வளர்த்தாலும் அது நாயாகிவிடாது. வீட்டு ஆட்களிடம் குழையும், புது ஆளைக் கண்டால் ஒதுங்கும். திருடன் வந்தால் குரைத்துத் துரத்தும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான், முதலில் ஒளிவது அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வயதை ஒட்டிப் பருவம் வரும்போது, முக்கியமாகக் குளிர்கால இனப்பெருக்கக் காலத்தில், அதுவரை விட்டுக்கொடுத்த சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் முறைக்கத் தொடங்கலாம். பலர் கைவிடுவதும் இந்த வயதில்தான். வெளியே எட்டடி வேலி, அடியில் தோண்டிப் போகாதபடி புதைத்த கம்பிவலை, இரட்டைக் கதவு என்று செலவு வேறு. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் சோஃபா மிஞ்சாது.

கைவிடுவதும் சுலபமில்லை. சாதாரண நாய்க் காப்பகங்கள் பல இவற்றைத் தத்துக் கொடுப்பதில்லை. நியூ மெக்சிகோவின் வைல்ட் ஸ்பிரிட், கொலராடோவின் மிஷன் வுல்ஃப் போன்ற சரணாலயங்கள் இருந்தாலும் அவற்றில் இடம் கொஞ்சம்தான்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே அதிக இடமில்லை. இந்திய ஓநாய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டியைப் பிடித்து வருவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இந்திய ஓநாய்கள், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலிலும் இருக்கின்றன.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இன்னும் ஆசை விடவில்லை என்றால், குட்டியைப் பார்க்கப் போகும் முன் கவுண்டி விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னது பின்னால் செல்லாது, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடமும், காப்பீட்டு முகவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஓநாய்க் கலப்பைப் பார்க்க ஒப்புக்கொள்ளும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள், எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. வேலை விஷயமாக வந்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அனுமதியே தேவைப்படாத இரண்டாம் தலைமுறைக் குட்டி, நிறுவனம் உங்களை மாசசூசெட்ஸின் பாஸ்டனுக்கு மாற்றிய மறுநாள் தடை செய்யப்பட்ட பிராணி ஆகிவிடும். இவை பன்னிரண்டு, பதினான்கு வருடம் வாழக்கூடியவை.