ஒரே தப்பை இரண்டு பேர் செய்தால்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய மகள் வைரஸ்களின் மரபணுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் தோழி, ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கிறாள், அதாவது ஒரே நூலின் வெவ்வேறு ஏடுகளில் சொற்கள் எங்கே மாறுகின்றன என்று ஒப்பிடுகிறாள். இரண்டு பேருக்கும் உதவித்தொகை வருகிறது. "என் மகள் செய்வதால் நாலு உயிர் பிழைக்கும். அந்தப் பெண் செய்வதால் யாருக்கு என்ன பயன்? எல்லா நூலும்தான் அச்சில் வந்துவிட்டதே?" என்று கேட்டிருந்தார். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த அறையில் இருக்கும் இரண்டு பெண்களும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

என் அம்மா பள்ளி ஆசிரியை. பரீட்சை முடிந்தால் வீட்டுக் கூடத்தில் விடைத்தாள் கட்டுகள் பரவிக் கிடக்கும். கந்தகத்தின் அணு எண் 16 என்று நாற்பது பிள்ளைகள் எழுதியிருந்தால் புரட்டிக்கொண்டே போவார். இரண்டு தாள்களில் 61 என்று இருந்தால் மட்டும் இரண்டையும் உருவி அருகருகே வைப்பார். "சரியா எழுதினா ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே தப்பை எழுதினா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர்தான் எழுதியிருக்கணும்" என்பார். சுவடியியலின் அஸ்திவாரம் இதுதான்.

பனையோலை நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் சில நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். எனவே சங்கப் பாட்டு எதற்கும் புலவர் காலத்து ஏடு நம்மிடம் இல்லை. இருப்பதெல்லாம் பிரதியைப் பார்த்து எழுதிய பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி. ஒவ்வொரு கை மாறும்போதும் பிழை சேரும். பழைய எழுத்துமுறையே அதற்கு இடம் கொடுத்தது. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வேறுபாடு கிடையாது. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கொம்பு, ஒரு 'க', அதன் பக்கத்தில் ஒரு கால் இருந்தால் அது கொ, கோ, கெர, கேர என்று எதுவாகவும் இருக்கலாம். எழுதுபவர் பாட்டின் பொருளை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

இன்னொரு வகைப் பிழை எனக்கு மிகவும் பிடித்தது. மூல ஏட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "மழை பெய்தது, ஏரி நிறைந்தது. வெயில் அடித்தது, ஏரி வற்றியது." பெயர்த்து எழுதுபவர் முதல் 'ஏரி' வரை எழுதிவிட்டு நிமிர்கிறார். மறுபடி ஏட்டைப் பார்க்கும்போது கண் இரண்டாவது 'ஏரி'யில் போய் உட்காருகிறது. கிடைப்பது: "மழை பெய்தது, ஏரி வற்றியது." அடுத்து எழுதுபவர் பயபக்தியோடு அதையே எழுதுகிறார். அதற்கு அடுத்தவரும் அப்படியே.

சரி, இப்போது நம் கையில் ஆறு ஏடுகள். நாலில் மழை பெய்து ஏரி வற்றுகிறது, இரண்டில் முழு வாக்கியமும் இருக்கிறது. பெரும்பான்மை பார்த்து முடிவு செய்யலாமா? கூடாது. அந்த நாலும் ஒரே தவறான ஏட்டின் பிள்ளைகள் என்றால் நாலு சாட்சி இல்லை, ஒரு சாட்சிதான். எண்ணுவதற்கு முன்னால் யார் யாருக்குச் சொந்தம் என்று குடிவழி போட வேண்டும். அதைப் போட உதவுவது ஏடுகளில் சரியாக இருக்கும் சொற்கள் அல்ல. அவை மூலத்திலிருந்து எல்லோருக்குமே வரும். பகிர்ந்துகொண்ட பிழைகள்தான் உறவைக் காட்டும்.

எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது. 'ஏரி' என்பதை 'ஏறி' என்று எழுத யாரையும் பார்த்து எழுத வேண்டியதில்லை, தனித்தனியாகப் பத்துப் பேர் செய்வார்கள். கண் தாவுவது அதைவிட அரிது. ஆனாலும் ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு நேரலாம். பூச்சி அரித்த துளையில் இருந்த சீர் தெரியாமல், எழுதுபவர் தாமாகவே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியிருந்தால்? அதே சொல் இன்னொரு ஏட்டிலும் இருந்தால் உறவு உறுதி. இப்படி எடைபோட்டுக் கிளை கிளையாகப் பிரித்த பிறகு, ஒன்றையொன்று பார்க்காத கிளைகள் எதில் ஒத்துப்போகின்றனவோ அதுதான் மூலத்துக்கு மிக அருகில் இருக்கும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் கார்ல் லாக்மன் பெயரோடு இந்த முறை பரவியது. இங்கே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு நல்ல ஏடு அவருக்குப் போதவில்லை.

அப்புறம் வைரஸ். கொரோனா வைரஸின் மொத்த மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய 30,000 எழுத்துகள் நீளம். எழுத்து என்பது அதில் வரிசையாக வரும் வேதிப்பொருள்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த 'ஏ', 'ஜி' போன்ற குறியீடு. தன்னைப் பிரதி எடுக்கும்போது அதுவும் பிழை செய்கிறது. 2020-இல் 23,403-ஆவது எழுத்தில் 'ஏ' இருந்த இடத்தில் 'ஜி' வந்த வைரஸ்கள் உலகம் முழுவதும் பரவின. தேனாம்பேட்டையில் 2021-இல் தமிழ்நாடு அரசு மரபணு வரிசையாக்க ஆய்வகம் தொடங்கியது இந்த மாதிரி எழுத்துப் பிழைகளைப் படிக்கத்தான். இரண்டு நோயாளிகளிடம் ஒரே அரிய பிழைகள் இருந்தால் தொற்று ஒரே வழியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். சிக்கல்கள்கூட ஒன்றுதான். ஒருவர் இரண்டு ஏடுகளை ஒப்பிட்டுக் கலந்து எழுதினால் குடிவழி குழம்பும். ஒரே உடலில் இரண்டு வைரஸ் வகைகள் கலந்தாலும் அப்படித்தான் குழம்பும். 1998-இல் உயிரியலுக்காக எழுதிய மென்பொருளை வைத்து ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் ஒரு பகுதியின் 58 கையெழுத்துப் பிரதிகளுக்குக் குடிவழி போட்டார்கள். அந்தக் கட்டுரை நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது.

இன்னும் பழைய பிழை ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறது. ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும், பல மாதங்கள் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி ரத்தம் கசியும். அதைத் தயாரிக்கும் வழியின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதிலமாகி. மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகிய நான்கிலும் அந்தச் சிதிலத்தில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருக்கிறது. கிண்டியில் மதில் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கேட்கும் நாட்டுக் குரங்கும் மக்காக் இனம்தான். கினி எலிக்கும் இதே மரபணு கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. அது தானாகத் தப்பு செய்த மாணவன். நாமும் குரங்கும் ஒரே ஏட்டிலிருந்து வந்த பிரதிகள். முதன்முதலில் இதைப் படித்த அன்று அம்மாவின் விடைத்தாள் கட்டுதான் என் கண்முன் வந்தது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். "அச்சில் வந்துவிட்டதே" என்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் வாதம். அச்சு நூல் அந்தப் பதிப்பாசிரியர் அன்று எடுத்த முடிவு, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு ஏடு கிடைத்தால் அந்த முடிவு மாறலாம். சென்னையில் கோட்டூர்புரத்திலும் பெசன்ட் நகரிலும் உள்ள சுவடி நூலகங்களில் சுவடிகளுக்கு எண்ணெய் பூசி, மை தடவி, படமெடுக்கிறார்கள். அவற்றைப் படிக்கப் பழகிய கண்களோ குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கண்களை வளர்ப்பதற்குத் தரும் உதவித்தொகையை நான் தானமாக நினைக்கவில்லை. ஆய்வகத்துக்கு இயந்திரம் வாங்குவதும் அதுவும் ஒன்றுதான்.

ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார். இன்றும் சில வீடுகளில் ஏட்டைப் பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று குங்குமம் வைத்துக் கட்டியே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அலமாரியிலோ இருந்தால், தயவுசெய்து ஒரு சுவடி நூலகத்தில் காட்டுங்கள். "இது ஏற்கெனவே இருக்கும் நூல்தான், அதுவும் பிழை மலிந்த ஏடு" என்று யாராவது சொன்னால் பின்வாங்க வேண்டாம். அந்தப் பிழைகளைத்தான் தாம்பரத்துக்காரரின் மகளுடைய தோழி தேடிக்கொண்டிருக்கிறாள்.