படிக்கிற மாதிரியே இருக்கும்

சில மாதங்களுக்கு முன் ஒரு அப்பாவும் மகனும் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். மகனுக்கு 25 வயது. பொறியியல் முடித்துவிட்டு மூன்று வருடமாக டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிற குரூப் 4, குரூப் 2 என்று தயாராகிக்கொண்டிருக்கிறார். "எந்நேரமும் போன்தான் மேடம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதுலயே இருக்கான்" என்றார் அப்பா. "படிக்கத்தான் மேடம் பார்க்கிறேன், நான் ரீல்ஸ் பார்க்கிற ஆளே இல்ல" என்றார் மகன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவர் சம்மதத்தோடு போனை வாங்கிப் பார்த்தேன். டெலிகிராமில் 31 குழுக்கள், அத்தனையும் தேர்வுக் குழுக்கள். தரவிறக்கி வைத்த பிடிஎஃப் ஆயிரத்துக்கும் மேல், யூடியூபில் பிறகு பார்க்கலாம் என்று சேர்த்து வைத்த வீடியோக்கள் 260. சராசரியாக ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் போன் ஓடியிருக்கிறது, அதில் சினிமா என்று பார்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை. (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மதுரையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். சமூக ஊடகத்தால் நேரம் வீணாகிறது என்றதும் எல்லோரும் ரீல்ஸையும் மீம்ஸையும்தான் நினைக்கிறார்கள். ஆனால் ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போனதும் மனசு உறுத்தும், அந்த உறுத்தலிலேயே ஒரு கட்டத்தில் போனைக் கீழே வைத்துவிடும். நடப்பு நிகழ்வுகள் வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு அந்த உறுத்தல் வருவதே இல்லை. நல்ல காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிறைவோடு அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். நான் அதிகம் பயப்படுவது இந்த நிறைவைப் பார்த்துத்தான்.

இதை விளக்க ஒரு ஆய்வை அடிக்கடி சொல்வேன். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம்: எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். ஒரு நல்ல ஆசிரியர் யூடியூபில் சிந்துவெளி நாகரிகத்தை நாற்பது நிமிடம் அழகாக நடத்தும்போது நமக்கு வருவதும் அதே நம்பிக்கைதான். புரிந்தது அவருடைய விளக்கத்தின் தெளிவால், அது நமக்குள் தங்கிவிட்டதா என்பது தனிக் கேள்வி.

அதனால் அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். குரூப் 4 எழுதியவர்களுக்குத் தெரியும், விடைக்கான வட்டத்தை நிரப்புகிற ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு, விடை தெரியவில்லை என்பதற்கு. எந்த வீடியோவைப் பார்த்து முடித்தாலும் உடனே போனைத் தள்ளி வைத்துவிட்டு, அதிலிருந்து ஐந்து கேள்விகளை நோட்டில் எழுத வேண்டும், மறுநாள் காலையில் அவற்றுக்குப் பதில் எழுத வேண்டும், தெரியாவிட்டால் அந்த ஐந்தாவது வட்டத்தை நேர்மையாக நிரப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வந்தார். முதல் நான்கு நாட்களில் பாதிக்கு மேல் ஐந்தாவது வட்டம். அப்புறம் வீடியோக்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது, ஒன்றைப் பார்த்தால் ஐந்து கேள்வி எழுத வேண்டுமே என்று. நான் குறைக்கவே சொல்லவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று மட்டும் முடிவுகட்டிவிடுகிறார்கள். திரைக்கு அடிப்பக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற அமைப்பை 2006-இல் உருவாக்கிய வடிவமைப்பாளர் ஆசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். நம் நாட்டில் 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கேதான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று தேர்வுக்குப் படிக்கிற தலைமுறை கொரோனா ஊரடங்கில் போனிலேயே பாடம் கேட்டு வளர்ந்தது. பாடமும் வேடிக்கையும் ஒரே கையளவு திரையில், ஒரே விரலசைவில் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. அதனால் திட்டுவதை விட்டுவிட்டு அமைப்பை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். யூடியூபில் பழைய பார்வை வரலாற்றை அழித்துவிட்டு, வரலாறு சேர்வதையும் நிறுத்தி வையுங்கள். அதற்குப் பிறகு திறந்தால் முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும், தேடும் பெட்டி மட்டும் காத்திருக்கும். எதைத் தேட வந்தோம் என்று நீங்களே யோசித்தாக வேண்டும். தேட வேண்டியதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனை எடுப்பது என்று ஒரு மாணவி பழக்கிக்கொண்டார், எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது.

குழுக்கள் விஷயம் இவ்வளவு எளிதில்லை. எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள் என்று ஆரம்பத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், அது தவறு என்று பிறகு புரிந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் "இப்ப என்னப்பா பண்ற?" என்று நாலு பேர் கேட்பார்கள் என்று மூன்று வருடமாக எந்த விசேஷத்துக்கும் போகாத பிள்ளைகள் இவர்கள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இவர்களை யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அந்தக் குழுதான், ராத்திரி பதினொரு மணிக்கு "யாராவது முழிச்சிருக்கீங்களா" என்று போட்டால் பத்து பேர் பதில் சொல்கிற இடம். அதைப் பிடுங்கினால் படிப்பு கூடாது, தனிமைதான் கூடும். அதேசமயம் தேர்வு முடிந்ததும் அதே குழுவில்தான் கட் ஆஃப் எவ்வளவு, ரிசல்ட் எப்போ என்று வாரக்கணக்கில் ஓடும். ஆணைய இணையதளத்தில் உத்தேச விடைகள் வருவதற்குள் ஆளுக்கொரு கணக்குப் போட்டு, தேர்வை ஓரளவு நன்றாக எழுதிய பிள்ளையே தூக்கமில்லாமல் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? பெரிய குழுவுக்குப் பதிலாக நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு. அதில் ஒரே விதி: அடுத்தவர் செய்த பிடிஎஃப் எதையும் அனுப்பக் கூடாது, அன்று தன் கையால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பலாம், அல்லது கேள்வி கேட்கலாம். அந்தத் தம்பி இப்போது அப்படி ஒரு குழுவில் இருக்கிறார். புதுநத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பார்த்துப் பழகிய நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணையத்தின் பழைய வினாத்தாளை அச்செடுத்து, 200 கேள்விகள், மூன்று மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 வினாடி என்ற கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள், போன்கள் அணைத்து ஒரே பையில். முதல் ஞாயிறு முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, கை தானாகப் பைக்குப் போனது என்றார். படித்ததெல்லாம் இருக்கட்டும், மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கமே விட்டுப்போயிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

அவர் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. 31 குழுக்கள் மூன்றாகியிருக்கின்றன, பிடிஎஃப்களை அழிக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் அவருடைய அப்பா தொலைபேசியில் கேட்டார்: "இப்பவும் போன் பார்க்கிறான் மேடம், ஆனா பக்கத்துல நோட்டு இருக்கு. அது பரவாயில்லையா?" பரவாயில்லை என்றேன், ராத்திரி பதினொன்றுக்கு மேல் இரண்டையும் மூடிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.