படகைச் சாய்த்த சொல்

பாம்பன் கரையில் ஒரு நாட்டுப்படகை மணலில் ஏற்றி ஒருக்களித்துச் சாய்த்திருந்தார்கள். அடிப்பலகை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாய்க் கொட்டலசு என்ற ஒட்டி வாழும் சின்னக் கடற்பிராணி. தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்த அண்ணன், "இதை விட்டா டீசலைக் குடிச்சிரும் தம்பி" என்றார்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வினைச்சொல் உண்டு: கரீன். லத்தீனில் கரீனா என்றால் கப்பலின் அடிமரம். நம் கடலோடிகள் ஏரா என்பார்களே, அது. கொட்டையின் ஓட்டுக்கும் அங்கே அதே பெயர்தான். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்கு, கப்பலைச் சாய்த்து அடியைச் சுத்தம் செய்வது என்று பொருள்.

கொட்டலசின் இளம்பருவம் நீந்தித் திரியும். ஒட்டும் வயது வந்ததும் உணர்கொம்புகளால் பலகைமேல் நடந்து நடந்து தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் தலைப்பக்கத்தை வைத்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பசை அது! அப்புறம் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை எழுப்பி, தலைகீழாக உட்கார்ந்தபடி காலால் இரையை அள்ளித் தின்னும். டார்வின் இந்தப் பிராணிக்காகவே 1846 முதல் எட்டு ஆண்டுகள் செலவிட்டார். இப்படிச் சொரசொரத்துப்போன படகு, போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அண்ணன் சொன்ன டீசல் அதற்குத்தான் செலவாகிறது.

கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் பெரிதாக உள்ள கரைகளில் ஏற்றத்தில் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். வற்றத்தில் தானே தரைதட்டிவிடும். பாக் நீரிணையில் ஏற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. இங்கே ஆள்தான் இழுக்க வேண்டும்.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு போர்க்கப்பலின் அடியில் செம்புத்தகடு அடித்துப் பார்த்தது. செம்பில் கொட்டலசு எளிதில் ஒட்டாது; பின்னர் அது பரவ, சாய்த்துச் சுரண்டும் வேலை குறைந்தது. சொல்லோ, காற்றில் கப்பல் ஒருபக்கம் சாய்வதையும் குறிக்கத் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சாலைக்கே வந்துவிட்டது. தறிகெட்டுப் பாயும் கார் அங்கே 'கரீன்' ஆகிறது. கண்மண் தெரியாமல் ஓடுவதைச் சொல்லும் 'கரியர்' என்ற வினை ஒலியில் நெருங்கி நின்றதும் ஒரு காரணம். அது வண்டியைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பக்கூடாது என்று கண்டிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நேராகப் பறக்கும் ரயிலுக்கு இந்தச் சொல் ஒட்டாது; இப்படியும் அப்படியும் சாய்ந்து ஓடும் வண்டிக்கே பொருந்தும். பழைய சாய்வு உள்ளே அப்படியே இருக்கிறது. நாமும் படகைச் சாய்க்கிறோம், தலையைச் சாய்க்கிறோம், பொழுதும் சாய்கிறது.

ஒருபக்கம் முடிந்திருந்தது. "மறுபக்கம் சாய்க்கணும், ஒரு கை கொடு தம்பி" என்றார் அண்ணன்.