எல்.டி.சி.யில் அந்தமான்: சொந்த ஊரே புதுச்சேரி என்றாலும் போகலாம்

"எனக்குச் சொந்த ஊரும் புதுச்சேரி, வேலையும் புதுச்சேரி, எனக்கெல்லாம் எல்.டி.சி. கிடையாது." எல்.டி.சி. என்பது விடுப்பில் குடும்பத்தோடு ஊர் போய்வர அரசு தரும் பயணக் கட்டணச் சலுகை. அரசு வேலையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. தவறு என்று தெரியாமலே நான்கு நான்கு வருடமாகப் பிளாக் மேல் பிளாக்காக விட்டுவிட்டு, கடைசியில் பிள்ளைகளும் கல்யாணமாகிப் போன பிறகு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1988 எல்.டி.சி. விதிகள் யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்கு. கடலூரில் தலைமைத் தபால் நிலையத்தில் இருப்பவரும், வருமான வரித்துறையில் இருப்பவரும் இதில் வருவார்கள். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் இதே விதிதான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இது கிடையாது, ரயில்வேக்காரர்களுக்குப் பாஸ் என்று தனி வழி இருக்கிறது, தன்னாட்சி நிறுவனம், பொதுத்துறை நிறுவனம் என்றால் அங்கே என்ன விதி என்று நிர்வாகப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணத் தேதியில் ஒரு வருடத் தொடர் பணி முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி.

நான்கு வருடம் ஒரு பிளாக். முடிந்த பிளாக் 2022–2025, அடுத்தது 2026–2029. ஒரு பிளாக்கில் இரண்டு முறை சொந்த ஊருக்குப் போய்வரலாம், அல்லது ஒரு முறை சொந்த ஊருக்கும் ஒரு முறை இந்தியாவில் எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய்வரலாம். பிளாக் முடிவதற்குள் போக முடியாமல் மிச்சம் இருப்பதை அடுத்த பிளாக்கின் முதல் வருடத்தில் எடுத்துக்கொள்ளலாம்; அதாவது 2025-இல் முடிந்த பிளாக்கில் பாக்கி இருந்தால் 2026 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு.

இனி அந்தமானுக்கு வருவோம். அந்தமான் நிக்கோபார், ஜம்மு காஷ்மீர், லடாக், வடகிழக்கு மாநிலங்கள், இந்த நான்குக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. இப்போதைய உத்தரவு 2024 செப்டம்பர் 26 முதல் 2026 செப்டம்பர் 25 வரை. இரண்டிரண்டு வருடமாக நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள் என்றாலும், அந்தத் தேதியைத் தாண்டிப் போக நினைத்தால் நீட்டிப்பு உத்தரவைக் கண்ணால் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சலுகையில் இரண்டு விஷயம். ஒன்று, ஒரு பிளாக்கில் ஒரு சொந்த ஊர் பயணத்தை இந்த இடங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, விமானத்தில் போகும் தகுதி இல்லாதவர்களும் எகானமி வகுப்பில் விமானத்தில் போகலாம்.

நம் ஊர்க்காரர்கள் குழம்புவது இங்கேதான். வேலை பார்க்கும் இடமும் சொந்த ஊரும் ஒன்றாக இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொந்த ஊர் பயணமே இல்லை, அதனால் முதல் சலுகை கிடையாது, அது சரி. ஆனால் "இந்தியாவில் எந்த இடத்துக்கும்" என்ற அந்த ஒரு பயணம் அவர்களுக்கும் உண்டு, அதை அந்தமானுக்குப் பயன்படுத்தினாலும் விமானச் சலுகை அப்படியே பொருந்தும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே முத்தியால்பேட்டையில் பிறந்து புதுச்சேரியிலேயே வேலை பார்க்கும் எழுத்தர் பிளாக்குக்கு ஒரு முறை அந்தமான் போகலாம். சிதம்பரத்தைச் சொந்த ஊராகக் காட்டிவிட்டுப் புதுச்சேரியில் வேலை பார்ப்பவருக்கு மாற்றும் வழியும் இருக்கிறது.

விமானம் எங்கிருந்து? பே லெவல் (சம்பள நிலை) 9-ம் அதற்கு மேலும் இருப்பவர்கள் பணியிடத்திலிருந்தே விமானத்தில் போகத் தகுதியுள்ளவர்கள். லெவல் 8 வரை உள்ளவர்களுக்குச் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து போர்ட் பிளேருக்கு மட்டும்தான் விமானச் சலுகை, நமக்கு அது சென்னை. (போர்ட் பிளேரின் பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், இரண்டு பெயரும் கண்ணில் படும்.) அலுவலக வேலையாகப் போகும்போது லெவல் 6, 7, 8-க்கு விமானம் உண்டு, எல்.டி.சி.க்குக் கிடையாது, இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏறி பெங்களூரு வழியாகப் போகிறேன் என்றால் லெவல் 8 வரை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. சென்னை வரை ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போக வேண்டும். ரயிலில் லெவல் 6 முதல் 8 வரை இரண்டாம் ஏ.சி., 5-ம் அதற்குக் கீழும் மூன்றாம் ஏ.சி. அல்லது சேர் கார். வாடகைக் காரிலோ வேனிலோ போனால் அந்தக் காசு உங்கள் கையிலிருந்துதான். அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையும் காலையும்தான், அதனால் இங்கிருந்து முதல் நாள் ராத்திரியே கிளம்பிவிட வேண்டியிருக்கும், குழந்தைகளை வைத்துக்கொண்டு அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலிலும் போகலாம், அதற்கும் லெவல்படி வகுப்பு உண்டு. கடலிலேயே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் விடுப்பு நிறைய இருப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

டிக்கெட் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி., இந்த மூன்றில் ஒன்றில்தான் விமான டிக்கெட் வாங்க வேண்டும். என் மைத்துனர் விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று செல்போனில் வேறு ஒரு தளத்தில் நான்கு பேருக்கும் போட்டுவிட்டார். போய்வந்து கொடுத்த கிளைம் மொத்தமும் நிராகரிக்கப்பட்டது, அரசாங்கத்துக்கு அவர் மிச்சப்படுத்தித்தான் கொடுத்தார் என்ற வாதம் எங்கேயும் எடுபடவில்லை. அந்த வீட்டில் அந்த வருடம் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்பதில்லை. 21 நாளுக்கு முன்பே, நீங்கள் போகிற நேரத்துக்கு இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தைப் பார்த்துப் போடுங்கள், போடும்போது தேதியும் நேரமும் தெரியும்படி அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள்.

கிடைப்பது போகவர டிக்கெட் கட்டணம் மட்டும்தான். தங்குமிடம், சாப்பாடு, ஆட்டோ, ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா, இதற்கெல்லாம் கிடையாது. பேக்கேஜில் போகிறவர்கள் ஐ.டி.டி.சி. (இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம்), ஐ.ஆர்.சி.டி.சி. மாதிரி அமைப்புகள் நடத்துவதாகப் பார்த்து, பயணக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டித் தரச் சொல்லுங்கள், மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீது செல்லாது.

இந்தச் செலவுக்குக் கைகொடுப்பது ஈ.எல். சரண்டர், அதாவது ஈட்டிய விடுப்பைக் கொடுத்துக் காசாக்குவது. ஒரு எல்.டி.சி.க்கு 10 நாள் வரை, பணிக்காலம் முழுவதும் சேர்த்து 60 நாள் வரை காசாக்கலாம். அதற்குப் பிறகும் கணக்கில் 30 நாள் ஈ.எல். மிச்சம் இருக்க வேண்டும். 35,400 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால் 10 நாளுக்கு 11,800, அதோடு அதற்குரிய அகவிலைப்படியும் சேரும். நான்கு நாள் தங்கும் செலவில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். விடுப்பு எடுத்துப் போவதற்குத்தான் எல்.டி.சி., சனி ஞாயிறில் மட்டும் போய்வருவது கணக்கில் வராது. தற்செயல் விடுப்பு எடுத்தாலும் போதும்.

அப்பா அம்மாவையும் கூட்டிப் போகலாம், உங்களை முழுதாகச் சார்ந்திருந்தால். அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டினால் சார்ந்தவர்கள் இல்லை. அதனால் ஓய்வூதியம் வாங்கும் அப்பா என்றால் முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தீவு இந்தத் தனிச் சலுகைப் பட்டியலில் இல்லை. அங்கே போக நுழைவு அனுமதியும் வாங்க வேண்டும். அந்தமானில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு நமக்கு அனுமதி எதுவும் வேண்டாம். நிக்கோபார் தீவுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுற்றுலாவாகப் போக முடியாது. பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வரும், அங்கே படம் எடுப்பதும் எதையாவது கொடுப்பதும் குற்றம், கூட வரும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. ஐப்பசி கார்த்திகையில் கடல் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணம் 90 சதவீதம் வரை கிடைக்கும், வாங்கிய 10 நாளுக்குள் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். முன்பணம் வாங்கியவர்கள் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் கிளைம் கொடுக்க வேண்டும், தவறினால் முழுத் தொகையையும் வட்டியோடு பிடித்துவிடுவார்கள். வாங்காதவர்களுக்கு மூன்று மாதம். ஊருக்கு வந்து துணி துவைத்துக் காயப்போட்ட கையோடு அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.