கட்-ஆஃப் கோட்டில் நிற்கும் எம்.பி.க்கள்

“நூலிழையில் ஜெயித்தவர், தனக்கு வாக்களிக்காத பாதித் தொகுதியின் விருப்பத்துக்கும் அவையில் இடம் கொடுப்பாரா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு கட்சிகளும் நடுவில் நிற்கும் வாக்காளருக்காகப் போட்டியிட்டு நடுவுக்கே நகரும் என்று 1957-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் எழுதினார். அதன்படி கொடுக்கத்தான் வேண்டும்.

சோதிப்பது எப்படி? கட்சிக்குக் கட்சி தொகுதியும் வேறு, மக்களும் வேறு. அவையில் உறுப்பினர் போடும் வாக்கு மக்களின் விருப்பத்தால் வந்ததா, கட்சியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இதற்கான உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மருத்துவப் படிப்புக்கான கட்-ஆஃபை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மதிப்பெண்ணில் இடம் பெற்றவரும் அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவரும் திறமையில் ஏறக்குறைய ஒருவரே. அதன்பின் அவர்கள் வாழ்க்கை பிரிந்தால், பிரித்தது அந்தக் கோடுதான். இரண்டு கட்சிகள் மட்டும் மோதும் தேர்தலில் 50 சதவீதமே கோடு. 50.1 பெற்று ஒரு கட்சி வென்ற தொகுதியும் 49.9 பெற்று அது தோற்ற தொகுதியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அன்று மாலை பெய்த மழைகூட முடிவை மாற்றியிருக்கும். யாரோ சீட்டுக் குலுக்கிப் போட்டதற்குச் சமம். ஆய்வுக்கூடம் கட்டாமலே கிடைத்த பரிசோதனை!

டேவிட் லீ, என்ரிகோ மொரெட்டி, மேத்யூ பட்லர் மூவரும் 1946 முதல் 1995 வரையிலான அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையை இப்படி ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். தாராளவாத அமைப்பு ஒன்று, முக்கிய வாக்கெடுப்புகளில் எவ்வளவு தாராளவாதமாக வாக்களித்தார்கள் என்று பார்த்து ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்கு 0 முதல் 100 வரை போடும் மதிப்பெண்தான் அளவுகோல். டவுன்ஸ் சொன்னது முழுமையாக நடந்திருந்தால், நூலிழையில் வென்ற ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் அருகருகே நின்றிருப்பார்கள். இடைவெளியோ 40 புள்ளிகளுக்கும் மேல்! அடுத்த தேர்தலில் ஒரு கட்சியின் கை ஓங்கியபோதும் தளர்ந்தபோதும் அதன் உறுப்பினர்கள் போக்கு மாறியதா என்றும் பார்த்தார்கள். அநேகமாக மாறவேயில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மக்களால் முடிந்தது. தேர்ந்தெடுத்தவரை வளைக்க முடியவில்லை.

இந்தியாவில் இதே கேள்வியைக் கேட்கக்கூட வழியில்லை. 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுவதால், யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை. இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான இழப்பு அல்ல, என் எம்.பி. என் பெயரால் என்ன செய்தார் என்பதை நான் அறிந்தாக வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தத் தடை போதும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அதை ஏற்று, மசோதாக்களுக்குப் பெயர்வாரியாக வாக்கும் பதிவாகியிருந்தால், நம் தொகுதிகளின் கோட்டுக்கு இருபுறமும் இந்நேரம் யாராவது அளந்து பார்த்திருப்பார்கள்.