விந்து வெளியேறினால் உடம்பு கரையாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் இளைஞர்கள் சிலர், காய்ச்சல் என்று பெயரைப் பதிந்துவிட்டு, கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். "டாக்டர், தூக்கத்தில் வெளியேறிவிடுகிறது. உடம்பு போய்விடுமா?" ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று யாரோ சொல்லி வைத்த பயம் இது.

இதற்கு வேர் உண்டு. உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை (எலும்பு மஜ்ஜை) என மாறிக் கடைசியில் சுக்கிலம் என்னும் விந்தாகிறது என்றது பழைய மருத்துவம். நுண்ணோக்கி வராத காலத்து விளக்கம் அது. 1677-இல் டச்சு நுண்ணோக்கியாளர் லேவன்ஹூக் நெளியும் விந்தணுக்களைக் கண்டார். 'விந்து' என்ற பெயருக்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை. துளியைக் குறிக்கும் வடமொழி 'பிந்து'வே அதன் மூலம்.

விரைகளில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆனால் வெளிவரும் திரவத்தில் அணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்து கூட இராது. மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளில் சுரப்பது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரைதான் அணுக்களுக்கு உணவு. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பி தருவது. எல்லாம் சேர்ந்து பொதுவாக 1.5 முதல் 5 மில்லிலிட்டர், அதிகம் போனால் ஒரு தேக்கரண்டி. வெளியேறாத அணுக்களை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. சேர்த்து வைக்க அங்கே எதுவும் இல்லை.

இந்த இளைஞர்கள் சொல்லும் களைப்பு பொய்யில்லை. நாள் முழுக்க வெயிலில் செம்பனைக் குலை வெட்டுபவருக்குக் களைக்காமல் இருக்குமா? சர்க்கரை நோய், ரத்தச்சோகை, மன உளைச்சல் ஆகியவற்றையே நான் முதலில் பார்க்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது இந்தப் பயத்தை வைத்து விற்கும் லேகிய டப்பாக்களைப் பார்க்கும்போதுதான். 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாததை வாயில் வைக்காதீர்கள். ஆண்மை மருந்து என்று விற்றவற்றில் வயாகராவில் உள்ள சில்டெனாபில் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

விந்தில் ரத்தம், வலி, ஓராண்டு முயன்றும் குழந்தை தங்காமை இருந்தால் வாருங்கள். மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு, சுயஇன்பம் எதுவும் வேண்டாம். மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் உடல் சூட்டிலேயே கொண்டுவந்து கொடுங்கள். கடும் காய்ச்சலுக்குப் பின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அப்படி வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்போம்.