வீடு ‘முன்கூட்டியே அடைபடாது’, முழுகும்

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா போன மாதம் போன் செய்தார். அவர் மகன் டெக்சஸில் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் திண்டாடுகிறான். வேலை போய் ஐந்து மாதம். ஊரில் இருப்பவர்களுக்குப் புரியட்டும் என்று ஒரு தமிழ்க் கட்டுரையைத் தேடி அனுப்பியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “ஏம்ப்பா, வீட்டை முன்கூட்டியே அடைக்கப் போறாங்கன்னு போட்டிருக்கு. கடனை முன்னாடியே அடைச்சா நல்லதுதானே? இவன் ஏன் அழுவுறான்?”

அவர் மேல் தப்பே இல்லை. தமிழில் கடனை அடைப்பது என்றால் கட்டி முடிப்பது. ‘முன்கூட்டியே அடைத்தல்’ என்றால் கெடுவுக்கு முன்பே கட்டி முடிப்பது. வீடு கையைவிட்டுப் போகிற செய்தியை, கடன் தீர்ந்த செய்தியாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ‘முன்மூடல்’, ‘முன்னடைப்பு’ என்று இதற்குத் தம்பி தங்கைகளும் உண்டு. எல்லாம் ஒரே பிழை.

மூலச்சொல் ஃபோர்குளோஷர். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது என்று பொருள். அதன் முதல் பாதி ‘வெளியே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ‘முன்’ என்று பொருள்படும் ஆங்கில ஃபோருக்கும் இதற்கும் உறவு இல்லை. எழுத்து ஒன்றாக இருப்பதைப் பார்த்து ‘முன்’ போட்டுவிட்டார்கள்.

வெளியே நிறுத்தப்படுவது யார்? கடன் வாங்கியவர். பழைய இங்கிலாந்தில் கெடு தாண்டிய பிறகும் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்ள நீதிமன்றம் இடம் கொடுத்தது. அந்த உரிமைக்கு ஒரு முடிவு கட்டுங்கள் என்று கடன் கொடுத்தவர் போய்க் கேட்டார். மீட்கும் உரிமையின் கதவு சாத்தப்பட்டது. அதுதான் ஃபோர்குளோஷர்.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊர் வங்கிகளும் காரணம். இங்கே கடனைச் சீக்கிரம் கட்டி முடிப்பதைத்தான் ஃபோர்குளோஷர் என்கிறார்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அதற்காகக் கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் சொன்னபோதும் இந்தச் சொல்லைத்தான் எழுதியது. வங்கி முகப்பில் கேட்ட பொருளை அமெரிக்கச் செய்தியில் ஒட்டவைத்தால் இப்படித்தான் ஆகும். இத்தனைக்கும் நம் 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இதே சொல் பழைய பொருளில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

சிலர் ‘ஜப்தி’ என்கிறார்கள். ஜப்தி என்பது கடனுக்காகச் சொத்தை நீதிமன்றம் பற்றிக்கொள்வது. அடமானத்தில் சொத்து முதல் நாளிலிருந்தே கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. புதிதாகப் பற்ற ஒன்றுமில்லை. ‘ஏலம்’ இதன் கடைசிப் படி மட்டும்.

சொல் நம்மிடம் இல்லாமலா? அடகுக்கடை வாசலில் நின்ற எவரையும் கேளுங்கள். நகையை மீட்கலாம். கெடு தாண்டி மீட்காவிட்டால் ‘நகை முழுகிப் போச்சு’ என்பார்கள். சிலர் ‘மூழ்கிப் போச்சு’ என்பார்கள். மீட்பதற்கு எதிர்ப்பதம் முழுகுவது. ஃபோர்குளோஷருக்கு இதைவிட நேரான சொல் எந்த மொழியில் இருக்கும்? ‘வீடு முழுகுகிறது’ என்று எழுதினால் படிக்காதவருக்கும் வயிறு கலங்கும். நகைக்கான சொல்லை வீட்டுக்குப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம்; இரண்டும் அடகுதான். சட்டப் பத்திரத்துக்கு வேண்டுமானால் ‘மீட்புரிமை இழப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்தக் கட்டுரையின் இரண்டாவது பிழைக்கு வருகிறேன். ‘திவாலானால் வீட்டைக் காப்பாற்றலாம்’ என்று அதில் இருந்தது. திவால் இந்தி, உருது வழி வந்த சொல். நம் காதில் அது முடிந்துபோன கணக்கு, ஓட்டாண்டி. அப்படிப்பட்டவன் வீட்டை எப்படிக் காப்பாற்றுவான் என்று சித்தப்பா குழம்பியது நியாயம். இதற்கு நல்ல தமிழ் நொடிப்பு. நொடித்துப்போன குடும்பம் தலைதூக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த இடம் இந்தச் சொல்லில் இருக்கிறது, திவாலில் இல்லை. நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்’ என்றால் கடன்காரர்களுக்குக் கைவிரித்துவிட்டான் என்று அர்த்தம். அமெரிக்க நொடிப்புச் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம் அப்படியில்லை. அது நிலையான வருமானம் உள்ளவருக்கானது. விட்டுப்போன தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டலாம். மாதத் தவணையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 7-ஆம் அத்தியாயம் வேறு: கிரெடிட் கார்டு, ஆஸ்பத்திரி பாக்கி போன்றவற்றிலிருந்து விடுவிக்கும், ஆனால் வீட்டின் மேலுள்ள அடமானம் அப்படியே நிற்கும், பாக்கித் தவணையைக் கட்ட வழி தராது. இந்த இரண்டையும் ஒரே ‘திவால்’ என்று எழுதினால் படிப்பவர் எதை நம்பி வக்கீலிடம் போவார்?

அப்புறம் ‘தானியங்கித் தங்கல்’. ஆங்கிலத்தில் ஆட்டோமேட்டிக் ஸ்டே. நொடிப்பு மனு தாக்கலானதும் வசூல், ஏலம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் தடை அது. அதை ஏதோ லாட்ஜில் ரூம் போடுவதுபோல் எழுதியிருந்தார்கள். ‘ஸ்டே வாங்கிட்டான்’ என்று தாலுகா கோர்ட்டு வாசலில் டீக்கடைக்காரர்கூடச் சொல்வார். ‘உடனடித் தடை’ என்றால் போதும். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் கேட்டு அதை நீக்கவும் முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காகத்தான் மொழிபெயர்க்கிறோம். ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு படித்தால்தான் தமிழ் புரியும் என்றால் அந்தத் தமிழ் யாருக்கு? இதில் ஒருவருடைய வீடு இருக்கிறது. டெக்சஸில் இந்த ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். ஏலம் முடிந்தபின் மனு போட்டால் பெரும்பாலும் பயனில்லை. தப்பான சொல்லோடு உட்கார்ந்திருக்க அங்கே நேரம் கிடையாது.

சித்தப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “வீடு முழுகப் போகுது. அதுக்கு முன்னாடி நொடிப்பு மனு போட்டுத் தடை வாங்கப் போறான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப பழைய பாக்கியோட மாசத் தவணையும் சேர்த்துல்ல கட்டணும்? அவனுக்கு வேலை கிடைச்சிருச்சா?” என்றார்.